நீர் குறைந்த நிலத்தில் எந்தத் தென்னை நிற்கும்?

2025ஆம் ஆண்டின் நோன்பு மாதத்தில் கொழும்பு மாளிகாவத்தைக் கடைகளில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தொட்டும் தாண்டியும் விற்றது. கஞ்சிக்குப் பால், இடியப்பத்துக்குச் சொதி, பாணுக்குச் சம்பல் என்று மூன்று வேளையும் தேங்காயைத் தேடும் வீடுகள் இவை. தொடர்மாடிகளிலும் ஒடுங்கிய தோட்ட வீடுகளிலும் வாழும் மக்களுக்கு முற்றத்துத் தென்னை ஏது? ஒவ்வொரு காயும் குருநாகலிலிருந்தோ சிலாபத்திலிருந்தோ கம்பஹாவிலிருந்தோ லொறி ஏறித்தான் வர வேண்டும்.

விலை ஏறியதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். 2021இல் இரசாயன உரம் நிறுத்தப்பட்டது, குரங்குகளின் தொல்லை, தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டது, வெண் ஈ. எல்லாவற்றிலும் உண்மை உண்டு. மழையும் வெப்பமும் பெரிய காரணங்கள் என்பதையும் யாரும் மறுக்கவில்லை. ஆனால் மழை பொய்த்தால் எல்லா மரமும் ஒரே அளவுக்குத் தளர்வதில்லை. ஒரே காணியில், ஒரே மண்ணில், ஒரு மரம் குரும்பையைக் கொட்டிவிட்டு நிற்க, பத்தடி தள்ளி நிற்கும் மரம் குலை தள்ளிக்கொண்டிருக்கும். தென்னந்தோட்டக்காரர் எல்லோரும் கண்டது இது. அந்த வித்தியாசத்தில் வேருக்குக் கிடைத்த மண்ணின் பங்கு எவ்வளவு, பிறப்போடு வந்ததன் பங்கு எவ்வளவு? மரங்களின் பிறப்புரிமையியல் இந்தக் கேள்விக்கு இதுவரை என்ன விடை கண்டிருக்கிறது என்பதை, தென்னையை நடுவில் வைத்து இங்கே பார்க்கிறேன்.

தென்னையின் காலக்கணக்கு நீளமானது. பாளையின் முதல் அரும்பு குருத்துக்குள் தோன்றுவதிலிருந்து அந்தக் குலையின் காய் முற்றும் வரை ஏறக்குறைய 44 மாதங்கள். அதில் நம் கண்ணுக்குத் தெரிவது பாளை வெடித்த பிறகு வரும் கடைசி 12 மாதங்கள்தான். அதற்கு முந்திய காலம் முழுதும் அரும்பு ஓலைமட்டைகளின் அடியில் மறைந்தே வளர்கிறது. எனவே ஒரு வறட்சி ஒரே நேரத்தில் பல தலைமுறைப் பாளைகளைத் தாக்குகிறது. மிக இளைய அரும்பு கருகிப்போகலாம். சற்று மூத்ததில் பெண் பூக்கள் குறையலாம். வெடித்த பாளையில் அதிக வெப்பத்தால் மகரந்தம் பயனற்றுப் போகலாம். காய் பிடித்து முதல் இரண்டு மூன்று மாதங்களில் நீர் தட்டுப்பட்டால் குரும்பை உதிரும். உதிராமல் தப்பியது சிறுத்துப்போகும். கடையில் கைக்கு அடக்கமாகக் கிடைக்கும் காய், ஓராண்டுக்கு முந்திய வறட்சியின் கணக்கு. மழை வந்த உடனே விலை ஏன் இறங்கவில்லை என்று கேட்போருக்கு விடை இதுதான்.

இந்தக் கணக்கைத் தென்னை தன் தண்டிலும் எழுதி வைக்கிறது. வேம்பும் தேக்கும் ஆண்டுதோறும் பருக்கும், தென்னை பருக்காது. குருத்தடியில் உருவாகும்போது அந்தத் துண்டு எந்தக் கனத்தில் அமைந்ததோ, மரம் விழும்வரை அதே கனம்தான். ஓலை விழுந்த இடமெல்லாம் வளையமாகத் தழும்பு இருக்கும். நல்ல காலத்தில் மரம் ஆண்டுக்கு 12 முதல் 14 ஓலை விடுவதால், அத்தனை தழும்பு ஏறக்குறைய ஓர் ஆண்டு. ஒரு முதிர்ந்த நெட்டைத் தென்னையின் அருகில் நின்று மேலே பார்த்துக்கொண்டே போனால், தழும்புகள் விரல் அகலத்துக்கு நெருங்கி, தண்டும் இடுப்பு ஒடுங்கினாற்போல் சிறுத்து, பிறகு மீண்டும் விரிவதைக் காணலாம். அந்த ஒடுக்கம் மரம் பட்ட துன்பத்தின் பதிவு. பெரும்பாலும் வறட்சி, சில வேளை பட்டினி. அடுத்தடுத்து நிற்கும் மரங்களை ஒப்பிட்டால், ஒரே ஆண்டை ஒன்று ஆழமான ஒடுக்கமாகவும் இன்னொன்று லேசான நெருக்கமாகவும் பதிந்திருக்கும். ஆய்வாளன் தேடுவது இந்த இரண்டாவது மரத்தை.

நீர் குறையும்போது மரத்துக்குள் நடப்பது என்ன? முதலில் நிற்பது வளர்ச்சி. ஒளித்தொகுப்பு பிறகுதான் தளர்கிறது. புதிய கலங்கள் விரிய உள்ளிருந்து நீர் தள்ளும் அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் கலம் விரியாது. அடுத்து, வேரிலும் இலையிலும் அப்சிசிக் அமிலம் பெருகி இலைவாய்களை மூடுகிறது. மூடினால் நீர் மிஞ்சும், ஆனால் காபனீரொட்சைட்டு உள்ளே வராது. மரம் சேமிப்பில் வாழ வேண்டும். திறந்தே வைத்தால் உணவு கிடைக்கும், ஆனால் நீரை மேலேற்றும் காழ்க் கலன்களில் நீரின் இழுவிசை ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் நீர் நிரல் அறுந்து காற்று புகுந்துவிடும். காற்று அடைத்த கலன் நீரைக் கடத்தாது. சில மரங்கள் சீக்கிரமே மூடிக்கொள்ளும் சுபாவம் உடையவை. சில துணிந்து திறந்து வைப்பவை. குறுகிய, அடிக்கடி வரும் வறட்சியில் துணிந்தவை முந்தும். நீண்ட வறட்சியில் அவையே முதலில் சாகக்கூடும்.

2012இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, உலகின் 81 இடங்களைச் சேர்ந்த 226 மர இனங்களின் காழ் எவ்வளவு இழுவிசையைத் தாங்கும் என்று ஒப்பிட்டது. அவற்றில் 70 சதவீதம், அறுந்துபோகும் எல்லைக்கு மிக அருகிலேயே அன்றாடம் வாழ்கின்றன. மழைக்காட்டு மரமும் வறண்ட நில மரமும் இதில் வேறுபடவில்லை. ஈர வலயத்து மரங்களுக்கு வறட்சி பற்றிக் கவலை வேண்டாம் என்ற எண்ணத்தை இந்த ஆய்வு உடைத்தது. தென்னைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: பருக்காத தண்டு புதிய காழ் கட்டாது. 20 வயதில் அமைந்த குழாய்களே 60 வயதிலும் நீர் ஏற்ற வேண்டும். தண்டிலேயே நீரைச் சேமித்து வைத்துத்தான் தென்னை இந்தக் குறையை ஈடுசெய்கிறது.

இனிப் பிறப்பின் பங்கு. 2006இல் பொப்லர் மரத்தின் முழு மரபுத் தொகுதி வாசிக்கப்பட்டது. மரங்களில் அதுவே முதல். 2014இல் யூக்கலிப்டஸ், 2017இல் தென்னை. தென்னையின் 16 சோடி நிறமூர்த்தங்களில் ஏறக்குறைய 240 கோடி எழுத்துகள். வறட்சியைத் தாங்கும் பரம்பரை அலகு எது என்று இனிச் சுட்டிவிடலாம் என்ற எதிர்பார்ப்பு அப்போது பலருக்கும் இருந்தது. கிடைத்த விடை வேறு. இலைவாயை மூடும் சமிக்ஞைக்குச் சில அலகுகள், நீர் புகும் நுண்வாயில்களுக்குச் சில, கலத்தின் உப்புச் செறிவுக்குச் சில, வேரின் ஆழத்துக்குச் சில, இலையின் மெழுகுக்குச் சில, இப்படி நூற்றுக்கணக்கானவை ஆளுக்குச் சிறிது பங்களிக்கின்றன. ஒன்றை மட்டும் மாற்றி மரத்தை வறட்சிக்கு ஏற்றதாக்கிவிடலாம் என்ற கதை ஆய்வுக்கூடத்துச் சட்டிக்குள் சில வாரம் பலிக்கும். காணியில் 30 ஆண்டு பலிக்கும் என்பதற்குச் சான்று இல்லை.

எல்லாப் பண்புகளும் ஒரே அளவுக்கு மரபுவழி வேறுபடுவதுமில்லை. மேற்கு மத்தியதரைப் பகுதியின் கடலோரப் பைன் மரத்தை ஈரமான இடங்களிலிருந்தும் வறண்ட இடங்களிலிருந்தும் கொண்டுவந்து ஒரே தோட்டத்தில் நட்டு அளந்தார்கள். வளர்ச்சி வேகத்தில் இடத்துக்கு இடம் தெளிவான வேறுபாடு. ஆனால் காழ் அறுந்துபோகும் எல்லை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே. அந்தப் பண்பில் இயற்கை தேர்வு செய்ய இடமே அதிகம் மிஞ்சியிருக்கவில்லை. இனவிருத்தி செய்பவருக்கு இது பெரிய எச்சரிக்கை. வேறுபாடு இல்லாத பண்பில் தேர்வு செய்து பயன் இல்லை. வேர், இலைவாயின் சுபாவம், இலை உதிர்க்கும் காலம் ஆகியவற்றில்தான் தேட வேண்டும்.

ஓர் அலகு நீருக்கு மரம் எவ்வளவு உடல் கட்டுகிறது என்பதை அளக்கவும் வழி பிறந்தது. 1980களில் அவுஸ்திரேலிய விஞ்ஞானி கிரஹாம் ஃபார்குவரும் உடனாய்வாளர்களும், இலையில் இருக்கும் பாரமான காபன்-13இன் விகிதம் இந்தச் சிக்கனத்தைக் காட்டும் என்று நிறுவினார்கள். ஓர் இலைத் துண்டு போதும். ஆயிரம் கன்றுகளையும் சோதிக்கலாம். ஆனால் இங்கும் கவனம் வேண்டும். இலைவாயை மூடியே வைத்திருக்கும் சோம்பல் மரமும் இந்த அளவையில் சிக்கனமானதாகத் தோன்றும். ஒளித்தொகுப்பில் உண்மையாகவே திறமையான மரமும் அப்படியே தோன்றும். நமக்கு வேண்டியது இரண்டாவது. காபன் கணக்கை மட்டும் நம்பித் தேர்ந்தால், நீரும் குடிக்காத, காயும் தராத மரங்கள் வந்து சேரலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமான பாடம், என் பார்வையில், தரவரிசை மாறுவதுதான். நீர் நிறைந்த இடத்தில் முதலாவது வந்த மரம் நீர் குறைந்த இடத்திலும் முதலாவது வரும் என்று எந்த உறுதியும் இல்லை. யூக்கலிப்டஸ் கமல்டுலென்சிஸ் அவுஸ்திரேலியக் கண்டம் முழுதும் ஆற்றோரங்களில் வளரும் மரம். குவீன்ஸ்லாந்தின் வடக்கே பெட்ஃபோர்ட் பகுதி விதை, கோடையில் மழை பெறும் வெப்பமண்டல வறண்ட நாடுகளில் நன்றாக வந்தது. தெற்கே விக்டோரியாவின் அல்பகூட்யா ஏரிப் பகுதி விதை, குளிர்காலத்தில் மழை பெறும் மத்தியதரை நாடுகளில் வெற்றி கண்டது. பெயர் ஒன்று, இனம் ஒன்று, பிறந்த ஊர் வேறு. மழையின் அளவை மட்டும் பார்த்தால் போதாது, அது எந்த மாதத்தில் பெய்கிறது என்பதும் மரத்தின் பிறப்பில் பதிந்திருக்கிறது. தென்மேல் பருவக்காற்றில் நனையும் களுத்துறைக்கும் ஒக்டோபர் தொடங்கி ஜனவரிக்குள் மழையெல்லாம் கொட்டித் தீர்ந்துவிடும் வவுனியாவுக்கும் இது நேரடியாகப் பொருந்தும்.

இப்போது லுணுவிலைக்குப் போவோம். தெங்கு ஆராய்ச்சி நிலையம் 1929இல் அமைந்தது. தென்னையில் இனவிருத்தி செய்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை. நெட்டைத் தென்னையில் ஒரே பாளையின் ஆண் பூக்கள் உதிர்ந்த பிறகுதான் பெண் பூ முதிர்கிறது. எனவே தாய் யாரென்று தெரியும், தகப்பன் காற்றும் தேனீயும் கொண்டுவந்த யாரோ. கிளை இல்லாததால் வெட்டி நடவும் முடியாது. இழைய வளர்ப்பில் லுணுவிலையும் பிற நாடுகளும் பல்லாண்டு உழைத்தும், கோடிக்கணக்கில் கன்று தரும் நிலை இன்னும் வரவில்லை. ஆகவே தகப்பனையும் கட்டுப்படுத்த, சிலாபத்துக்கு அப்பால் அம்பக்கெலையில், வேறு தென்னைகள் அணுகாத காட்டுச் சூழலில், 1955இல் தனிமைப்படுத்திய விதைத்தோட்டம் போட்டார்கள். தேர்ந்த நெட்டையோடு தேர்ந்த நெட்டை சேர்ந்து பிறந்ததே சிஆர்ஐசி 60. பச்சைக் குட்டையும் நெட்டையும் சேர்ந்தது சிஆர்ஐசி 65. முன்னது உயரமாகி, மெதுவாகக் காய்த்து, வறட்சியைப் பொறுத்துக்கொள்ளும். பின்னது சீக்கிரம் காய்த்து, நல்ல மண்ணும் நீரும் உள்ள இடத்தில் அள்ளித் தரும். நீர் தட்டுப்பட்டால் முதலில் வாடுவதும் அதுதான். பக்கத்து வீட்டில் மூன்று நான்கு வருடத்தில் காய்த்தது என்று கேட்டு மன்னாரில் கொண்டுபோய் நடுபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்.

கேரளத்தின் காசர்கோட்டில் 1916இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி நிலையம், பின்னாளில் மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது. வறட்சியில் எந்தத் தென்னை நிற்கிறது என்பதற்கான காரணங்களை அது ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தது. ஓலையின் மேல் மெழுகு எவ்வளவு தடித்திருக்கிறது, இலைவாய்கள் எவ்வளவு சீக்கிரம் மூடுகின்றன, ஓலையின் நீர் நிலை எவ்வளவு வீழ்கிறது என்பவை முக்கிய அளவைகள். நெட்டைகள் பொதுவாகத் தேறின. சாவக்காட்டு ஆரஞ்சுக் குட்டை போன்றவை தோற்றன. இலட்சத்தீவு நெட்டை நன்றாக நின்றது. தமிழகத்தின் ஆழியாறு நகர் ஆராய்ச்சி நிலையமும் இதே வழியில்தான் போனது. கிருஷ்ணகிரிப் பக்கத்து அரசம்பட்டி நெட்டை வறண்ட நிலத்தில் தலைமுறை தலைமுறையாக நிலைத்த மரம். அதிலிருந்து தேர்ந்தெடுத்ததே ஆழியாறு நகர் 1 இரகம். ஆய்வுக்கூடம் புதிதாக எதையும் படைக்கவில்லை. உழவர் காப்பாற்றி வைத்ததை இனங்கண்டு பெருக்கியது.

இலங்கை நெட்டையின் குறை வேறிடத்தில் இருக்கிறது. 2011இல் உலகெங்கும் இருந்து 1,300க்கும் மேற்பட்ட தென்னைகளின் மரபுக் குறிகளை ஒப்பிட்ட ஆய்வு, அவை இந்து-அத்திலாந்திக், பசிபிக் என்று இரு பெருங்குடும்பங்களாகப் பிரிவதைக் காட்டியது. நம் நெட்டைகள் முதற்குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்குள் வேறுபாடு குறைவு என்பதையும் இங்கு நடந்த ஆய்வுகள் காட்டின. வேறுபாடு குறைந்தால் தேர்வுக்கும் இடம் குறையும். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த சான் ரமோன் நெட்டையை நம் நெட்டையோடு சேர்த்துக் கலப்பினம் உருவாக்கியது இதனால்தான். ஆனால் புது இரத்தம் பெரிய காய் தருவது ஒன்று. ஓகஸ்ட் மாதத்து மன்னார் காற்றில் நிற்பது வேறொன்று. இரண்டையும் அந்தந்த மண்ணில்தான் சோதிக்க வேண்டும்.

இறப்பரின் கதை இன்னும் குறுகிய வாசலில் தொடங்குகிறது. 1876இல் ஹென்றி விக்கம் அமேசனிலிருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, ஏறக்குறைய 1,900 கன்றுகள் இலங்கைக்கு வந்து கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர் காடுகளில் பெரும்பகுதி அந்தச் சிறு கூட்டத்தின் வழித்தோன்றல். அகலவத்தை ஆராய்ச்சி நிலையத்தின் ஆர்ஆர்ஐசி 100ஐ இந்தியாவின் ஆர்ஆர்ஐஐ 105ஓடு சேர்த்துப் பிறந்தவை கேரளத்தில் 400 வரிசை என்று பெயர் பெற்றன. தாய் இரகமான 105 நல்ல மழைப் பகுதியில் பால் சுரப்பில் பேர்பெற்றது, வறட்சியில் தளர்வது. 400 வரிசையின் 430ஆம் எண் வறட்சியைத் தாயைவிட நன்றாகத் தாங்குகிறது. நம் நாட்டுத் தகப்பனின் பங்கு அதில் இருக்கிறது. இங்கும் இறப்பர் மொனராகலைக்கும் பதியத்தலாவைக்கும் நகர்ந்திருக்கிறது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் சோதித்துப் பார்க்கிறார்கள்.

ஆனால் இறப்பர்க் கன்று என்று நாம் வாங்குவது உண்மையில் இரண்டு மரங்கள். மேலே இருப்பது பெயர் தெரிந்த இரகத்தின் முகை. கீழே இருப்பது எங்கோ பொறுக்கிய விதையில் முளைத்த அடிக்கட்டை. பால் வெட்டுவது மேல்மரத்தில். நீர் தேடுவது கீழ்மரம். ஒரே இரகம் நட்ட தோட்டத்தில் வறட்சி வந்ததும் மரத்துக்கு மரம் வேறுபாடு தெரிவதற்கு இந்த அறியப்படாத வேர்களும் ஒரு காரணம். மலையகத்தில் வேறு வடிவில் இதே பிரச்சினை. விதைத் தேயிலைக்கு ஆணிவேர் உண்டு. தவறணையில் கொப்பு வெட்டிப் பதித்து வளர்த்த வீ.பி. தேயிலைக்கு அப்படி இல்லை. கொழுந்து கூடியது, வேர் மேலோட்டமானது. தலவாக்கலை நிலையத்தின் டிஆர்ஐ 2025 என்ற இரகம் வறட்சியைப் பொறுக்கும், அதே வரிசையில் பிறந்த டிஆர்ஐ 2023 பொறுக்காது என்பதைத் தோட்டத் தொழிலாளர் அனுபவத்திலேயே அறிவார்கள். நூற்றாண்டு கண்ட விதைத் தேயிலை மலைகள் பிடுங்கப்படும்போது, வறட்சியை வென்ற வேர்களும் சேர்ந்தே போய்விடுகின்றன. மேல்மரத்தை மட்டும் பதிந்து, வேரைப் பற்றி ஒரு வரியும் எழுதாத தோட்டப் பதிவேடு பாதிப் பதிவேடு.

பனையைப் பற்றிச் சொல்லவும் அதிகம் இல்லை. அதுவே ஒரு வேதனை. நம் வறண்ட நிலத்தின் மிகத் திறமையான மரம் அது. ஆனால் பூக்கப் பதினைந்து இருபது ஆண்டாகும். அதுவரை ஆணா பெண்ணா என்றே தெரியாது. ஆய்வுக் காசு அத்தனை ஆண்டு காத்திருப்பதில்லை.

2025 செப்டெம்பரில் புதுக்குடியிருப்பில் வடக்குத் தெங்கு முக்கோணத் திட்டம் தொடங்கியது. யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவை இணைத்துப் புதிய தென்னந்தோட்டங்கள் எழ வேண்டும் என்பது நோக்கம். மாளிகாவத்தையின் சமையலறைக்கும் இது நல்ல செய்திதான். குருநாகலில் மழை தவறிய ஆண்டில் வடக்கு கைகொடுக்கும். போரில் தென்னைகளை இழந்த மக்களுக்கு அது அதைவிடப் பெரியது. நான் அந்தத் திட்டத்தை மனதார வரவேற்கிறேன். அதனால்தான் கேட்கிறேன்: அங்கே நடப்படும் கன்றின் தாய் எந்த மண்ணில் நின்றது? ஒரு தென்னை 60 ஆண்டு நிற்கும். தவறான நெல்லை அடுத்த போகத்தில் மாற்றலாம். தவறான தென்னையை நம் பிள்ளைகள்தான் வெட்டுவார்கள். அம்பக்கெலைத் தோட்டத்தில் முதலாவது வந்த மரம் மடுவிலும் விசுவமடுவிலும் முதலாவது வரும் என்று எடுத்துக்கொள்ள இதுவரையுள்ள எந்த ஆய்வும் இடந்தரவில்லை.

மரபுக் குறிகளைப் பார்த்துக் கன்றுப் பருவத்திலேயே தேர்வு செய்யும் புதிய முறை இந்தக் காத்திருப்பைக் குறைக்கலாம். யூக்கலிப்டஸில் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தக் கணிப்புக்கும் அடித்தளம், வறண்ட நிலத்தில் நின்று அளக்கப்பட்ட மரங்கள்தான். அளவீடு இல்லாத இடத்தில் கணினி ஊகிக்க மட்டுமே முடியும்.

வடக்கிலும் புத்தளத்திலும் கிழக்கிலும், எவரும் நீர் ஊற்றாமல் பல வறட்சிகளைத் தாண்டி இன்னும் காய்க்கும் கிழட்டுத் தென்னைகள் நிற்கின்றன. அவை மரத்துக்காகத் தறிக்கப்படும் முன் அவற்றைக் குறித்து, விதை எடுத்து, ஈர, இடை, உலர் வலயங்கள் மூன்றிலும் சோதனைத் தோட்டம் போட வேண்டும். முடிவுகளை வலயம் வலயமாகப் பிரித்து, தமிழிலும் சிங்களத்திலும், தோட்டக்காரர் வாசிக்கும்படி வெளியிட வேண்டும். வீட்டுக்கு ஒரு கன்று வாங்குகிறவரும் விலையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். என்ன இரகம், எந்தத் தோட்டத்து விதை, அந்தத் தோட்டத்துக்கு ஆண்டில் எத்தனை மாதம் மழை என்று கேளுங்கள். விடை தெரியாத இடத்தில் கன்று வாங்காதீர்கள்.